கிணற்றுத் தண்ணீரும் டென்ட்ரோபியமும்

கேள்வி: ஐயா, கல்லாற்றில் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எங்கள் வளவில் நிழல்வலை போட்டு ஓர்க்கிட் வளர்க்கிறேன். சுயதொழில் கடன் எடுத்து, வெளி மாகாணத்திலிருந்து வந்த ஒரு வியாபாரியிடம் டென்ட்ரோபியம் என்ற ஓர்க்கிட் 240 சாடிகள் வாங்கினேன். முதல் வருடம் நன்றாகப் பூத்தன. இந்தச் சித்திரைக்குப் பிறகு இலைநுனி கறுத்துக் காய்கிறது. அடியிலை மஞ்சளாகி விழுகிறது. பூக்காம்பு வரவேண்டிய இடத்தில் குட்டிச்செடி முளைக்கிறது. அவற்றில் 60 சாடிகள் மட்டும் வாங்கிய நாளிலிருந்தே ஒரு பூவும் பூக்கவில்லை. சாடிக்குள் சிரட்டைக்கரியும் பொச்சுமட்டையும், அடியில் முருகைக்கல்லும் போட்டிருக்கிறேன். ஊற்றுவது கிணற்றுத் தண்ணீர். நாங்கள் குடிப்பதும் அதுதான், கரிப்பு இல்லை. வியாபாரி பங்கசு என்று சொல்லி, கிழமைக்கொருமுறை அடிக்க ஒரு மருந்தும், பூ வருவதற்கு ஒரு போத்தலும் தந்தார். இரண்டும் அடித்தும் குணமில்லை. வேறு எந்தப் பங்கசு நாசினி அடிக்கலாம்? நல்ல பூ மருந்து எது? அவரே இப்போது நாட்டு வாண்டா என்ற இன்னொரு ஓர்க்கிட் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: தங்கச்சி, முதலில் மருந்தை நிறுத்துங்கள். வேறு பெயரில் இன்னொன்று வாங்கவும் வேண்டாம். நீங்கள் எழுதிய அடையாளங்களில் பங்கசின் கைவேலை எதுவும் எனக்குத் தெரியவில்லை. கடிதம் முழுக்க மருந்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, தண்ணீரைப் பற்றி ஒரே வரியில் "கரிப்பு இல்லை" என்று முடித்துவிட்டீர்கள். நான் அந்த ஒரு வரிக்குத்தான் பதில் எழுதப்போகிறேன்.

பங்கசு வந்தால் எப்படி வரும்? மாரியில், கார்த்திகை மார்கழியில், இலை இரவிரவாக நனைந்து கிடக்கும்போது வரும். அங்கொரு சாடி இங்கொரு சாடி என்று தொடங்கும். குருத்திலோ இளந்தண்டின் அடியிலோ தண்ணீர் கோத்த மாதிரி ஒரு கறுப்பு எழும்பி, இரண்டு மூன்று நாளில் கீழே இறங்கும், தொட்டால் கொழகொழக்கும். உங்களுக்கு வந்திருப்பது கச்சான் என்ற வறண்ட மேல்காற்று அடிக்கிற காலத்தில். எல்லாச் சாடியிலும் ஒன்றுபோல வந்திருக்கிறது. நுனியில் தொடங்கி, காய்ந்து, மொறுமொறுப்பாக நிற்கிறது. காய்ந்த பகுதிக்கும் பச்சைக்கும் நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று ஓடும், பாருங்கள். அது உப்புச் சுட்ட அடையாளம்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு சாடியைக் கவிழ்த்துச் செடியை வெளியே எடுங்கள். நல்ல வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளிபோல வெளுத்திருக்கும். தண்ணீர் பட்டதும் பச்சையாகும். நுனி பச்சையாகவோ ஊதாவாகவோ பளபளக்கும். உப்புப் பட்ட வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால், வெளியில் இருக்கும் பஞ்சு உறை சட்டைக்கை கழன்று வருவதுபோல உருவி வந்து, உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சும். நுனி கபிலமாகிச் செத்துப்போயிருக்கும். சாடியின் விளிம்பையும் பாருங்கள். கரித்துண்டுகளின் மேலேயும் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். மிச்சத்தை அதுவே சொல்லும்.

"நாங்களும் அதைத்தான் குடிக்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கரையோரத்தில் எல்லாரும் சொல்வது இதுதான். தேத்தண்ணி நன்றாக இருந்தால் தண்ணீர் நல்லது என்று முடிவு. உப்பை அளப்பது மின்கடத்துதிறனால், அலகு டெசிசீமன்ஸ்/மீற்றர் (dS/m). நெல் மண்ணிலே அது 3 வரைக்கும் விளைச்சல் குறையாமல் நிற்கும். தென்னை அதற்கு மேலும் தாங்கும். மரத்தில் தொற்றி வளர்ந்து, மழைத்தண்ணீரையும் பனியையும் தவிர வேறு எதையும் குடித்துப் பழகாத ஓர்க்கிட்டுக்கு 0.5 ஐத் தாண்டினாலே சங்கடம், 1 ஐத் தாண்டினால் வேர் கருகத் தொடங்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற கிணறுகளில் கச்சான் காலத்தில் 1.5, 2 என்று காட்டுவது புதினமில்லை. அந்த அளவுக்கு நாக்கு பழகிப்போயிருக்கும், கரிப்பென்று சொல்லாது.

உங்கள் மணலுக்குக் கீழே இருப்பது தனி நல்ல தண்ணீர் இல்லை. மழையில் இறங்கிய நல்ல தண்ணீர், அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. வாளியால் அள்ளும்போது மேற்படைதான் வரும். மோட்டரைப் போட்டு ஒரே மூச்சில் உறிஞ்சினால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்யப்போய், உப்பு இன்னும் கூடிப்போன இடங்கள் உண்டு. கச்சான் காலத்தில் மேற்படை வற்றி மெலிந்திருக்கும். அந்த நேரம்தான் செடிக்கும் தாகம் கூட. நீங்கள் தண்ணீரைக் கூட்டி ஊற்றுகிறீர்கள். வெயிலும் காற்றும் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பைச் சாடியிலேயே விட்டுவிட்டுப் போகின்றன. முதல் வருடம் பூத்ததற்குக் காரணம் உங்கள் பராமரிப்பு இல்லை, வியாபாரியின் செடி நல்லது என்பதும் இல்லை. வந்தபோது சாடியில் உப்பு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

கரி உப்பைப் பிடித்து வைத்திருக்கும். பொச்சுமட்டையும் அப்படித்தான். வாவிக்கரையில் ஊறிய மட்டையாக இருந்தால் சாடியில் போடுமுன்பே அதில் உப்பு இருக்கும். முருகைக்கல் இவை எல்லாவற்றையும் விட மோசம். அது சுண்ணாம்பு. தண்ணீரைக் காரமாக்கும். இரும்பும் மங்கனீசும் வேருக்குக் கிடைக்காமல் போய்விடும். காற்றோட்டத்துக்கு நல்லது என்று யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு ஊர் முழுக்கப் போடுகிறார்கள். கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பது இந்த நாட்டில் தடைசெய்யப்பட்ட வேலை என்பது வேறு கதை. எடுத்து எறியுங்கள். அடிக்கு உடைந்த ஓட்டுத்துண்டு போதும்.

அப்போது என்ன செய்வது? கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) கமநல சேவை நிலையத்துக்கும் ஓர்க்கிட்டுக்கு மானியம் தரச்சொல்லி மனு எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எழுதட்டும். ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையிலும் ஓர்க்கிட் வளர்க்க நினைக்கிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: முதற்செலவு செடிக்கு இல்லை, வலைக்கும் இல்லை. பீலிக்கும் தாங்கிக்கும். மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்க வழியில்லாதவர் ஒரு சாடியும் வாங்கக்கூடாது. இதைச் சொன்னால் மழை பெய்கிற ஊரில் மழையைச் சேமிக்கச் சொல்கிறாரே என்று சிரிக்கிறார்கள். நமக்கு மழை பெய்வது மூன்று மாதம். செடி குடிப்பது பன்னிரண்டு மாதம்.

கணக்கைப் பாருங்கள். 240 சாடிகள், கச்சான் காலத்தில் சாடிக்கு நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 200 மில்லிலீற்றர். நாளுக்கு 48 லீற்றர். பங்குனியிலிருந்து புரட்டாதி முடியும்வரை 7 மாதம் என்று வைத்தால் சுமார் 10,000 லீற்றர். இப்போது கூரை. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். உங்கள் வீட்டுக் கூரையில் 600 சதுர அடியை மட்டும் பீலிக்குத் திருப்பினால், அது ஏறக்குறைய 55 சதுர மீற்றர். 200 மில்லிமீற்றர் மழைக்கு 11,000 லீற்றர். கார்த்திகையும் மார்கழியும் சேர்ந்து அதைவிட எவ்வளவோ அதிகம் கொட்டுகிறது. மழைக்குக் குறைவில்லை, பிடிக்கிற பாத்திரத்துக்குத்தான் குறை. இரண்டு 5,000 லீற்றர் தாங்கி, அல்லது ஒரு சீமெந்துத் தொட்டி. வியாபாரியிடம் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போயிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் வந்திராது.

கடலுக்குக் கிட்ட இருக்கிற கூரையில் காற்றோடு வந்த உப்பும் தூசியும் காக்கையெச்சமும் படிந்திருக்கும். ஆகவே முதல் மழையைப் பிடிக்காமல் ஓடவிடுங்கள், கூரை கழுவப்பட்ட பிறகு குழாயைத் தாங்கிக்குத் திருப்புங்கள். வெளிச்சம் புகாமல் கறுப்பு மூடி வேண்டும், இல்லாவிட்டால் பாசி பிடிக்கும். தாங்கியின் வாய்க்கு நைலோன் வலை கட்டுங்கள். நுளம்புக் குடம்பி கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் செடியைப் பார்க்க மாட்டார், தாங்கியைத்தான் பார்ப்பார்.

பேனா மாதிரியான மின்கடத்துதிறன் மீற்றர் ஒன்று வாங்குங்கள். நீங்கள் இதுவரை வாங்கிய மருந்துப் போத்தல்களின் விலைக்கே கிடைக்கும். கிணற்றை மாதம் ஒரு தடவை அளந்து கலண்டரில் எழுதுங்கள். மழைத்தண்ணீர் போதாமல் போனால் கலக்கலாம். கிணறு 1.8 காட்டுகிறது என்றால், அதில் ஒரு பங்குக்கு மழைத்தண்ணீர் மூன்று பங்கு சேர்த்தால் கிட்டத்தட்ட 0.5 க்கு வரும். அது எல்லைக்கோடு, தினசரிக்கு இல்லை. குழாய்த்தண்ணீர் வரும் வீடென்றால் அதையும் அளந்து பாருங்கள். மட்டக்களப்பு நகரப் பக்கத்துக்கு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வருகிறது. குளத்துத் தண்ணீர் பெரும்பாலும் கரையோரக் கிணற்றை விட மேல். மழைக்கு முன் இருக்கிற இந்த மாதங்களை அதைக் கொண்டு ஓட்டலாம்.

இப்போதைக்கு, நல்ல தண்ணீர் எது கிடைக்கிறதோ அதை எடுத்து, ஒவ்வொரு சாடியிலும் அடியால் வழிந்தோடும்வரை ஊற்றுங்கள். ஒரு மணித்தியாலம் விட்டு இன்னொரு தடவை. முதல் ஊற்றில் உப்புக் கரையும், இரண்டாவதில் வெளியேறும். தட்டில் நிற்கிற தண்ணீரைச் சாடி திரும்பக் குடிக்க விடவேண்டாம். சாடி மாற்றுவதற்கு அவசரப்படாதீர்கள். வேர் செத்த செடியைக் கச்சானில் பிடுங்கினால் அது திரும்ப வராது. மாரி ஓய்ந்து, புதுத் தண்டு எழும்பி, அதன் அடியில் புது வேர் இரண்டு விரற்கடை நீளம் வந்ததும் மாற்றுங்கள். மாசியில் அந்த நிலை வரும். புது மட்டையை மழைத்தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, மீற்றர் ஒத்துக்கொண்ட பிறகு போடுங்கள். இலை கொட்டிய பழைய தண்டுகளை வெட்டிவிடாதீர்கள். அவற்றில் சாப்பாடும் தண்ணீரும் இருக்கிறது, உங்களிடம் இருக்கும் இனத்தில் பழைய தண்டும் திரும்பப் பூக்கும். பழைய தண்டில் அடியிலை மஞ்சளாகி விழுவது மூப்பு, அதற்குக் கவலைப்பட வேண்டாம். இந்த வருடத் தண்டிலும் விழுந்தால்தான் கவலை.

உரமும் உப்புத்தான் என்பதை மறந்துவிடுகிறோம். கிணறே 1.5 இருக்கும்போது அதில் கரைத்து ஊற்றும் ஒவ்வொரு கிராமும் மேலே ஏறும். அல்பேட் மாதிரியான கரையும் உரத்தை, பொதியில் எழுதியிருக்கிற அளவில் கால்வாசிக்கு, மழைத்தண்ணீரில் மட்டும் கரைத்து, கிழமைக்கொருமுறை கொடுங்கள். அதுவும் வேர் திரும்பிய பிறகு. வேரில்லாத செடிக்கு உரம் கொடுப்பது வீண் மட்டுமில்லை, கெடுதி.

பூ மருந்துக்கு வருகிறேன். லேபலில் என்ன சேர்மானம் என்று எழுதாத போத்தலை எந்தக் கடைக்காரர் தந்தாலும் திருப்பிக் கொடுங்கள். எழுதியிருந்தாலும், வேர் செத்த செடியைப் பூக்கச் சொல்லி வற்புறுத்துகிற ஒன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். குட்டிச்செடி முளைப்பதற்குக் காரணம் வேரின் சங்கடமும் நைதரசன் கூடியதும் வெளிச்சம் போதாததும். வலை வெயிலில் எத்தனை வீதத்தை மறைக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. 75 வீத வலையைத்தான் வியாபாரிகள் தலையில் கட்டிவிடுகிறார்கள், அது மரக்கறி நாற்றுக்குச் சரி. டென்ட்ரோபியத்துக்கு 50 வீதம். இலை கரும்பச்சையாகப் பளபளவென்று அழகாக இருந்தால் வெளிச்சம் போதாது. கொஞ்சம் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கவேண்டும். மேற்குப் பக்கம் கிடுகு கட்டிக் கச்சானைத் தடுங்கள், நிலத்தை நனைத்து ஈரத்தைக் கூட்டுங்கள். நிலத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் தாராளம்.

கொப்பர் கலந்த பங்கசு நாசினி எதையாவது அடித்துவிட்டீர்களா என்றும் பாருங்கள். டென்ட்ரோபியத்துக்குக் கொப்பர் ஆகாது, இலையைச் சுட்டுவிடும். மாரியில் உண்மையாகவே கறுப்பழுகல் வந்தால் அந்தப் பகுதியை நல்ல சதையோடு வெட்டி எடுத்து, வெட்டில் கறுவாத்தூள் தடவி, சாடியைத் தனியே வையுங்கள். அதன் பிறகு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிட்டுக் காட்டி மருந்தைப் பேசலாம்.

பூக்காத 60 சாடிகளைப் பற்றி. இதை நீங்கள் நடுவில் ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. அந்தச் செடிகளின் தண்டு கணுக்கணுவாக வீங்கி, இலை இரண்டு பக்கமும் மேலே வரை நெருக்கமாக இருக்கிறதா? குட்டி தண்டின் நடுக் கணுக்களில் முளைக்கிறதா? அப்படியானால் உங்களுக்கு விற்கப்பட்டது நோபைல் வகை. டென்ட்ரோபியம் சின்னக் குடும்பம் இல்லை. 1799 இல் ஒலாஃப் சுவார்ட்ஸ் இந்தப் பேரினத்தை வகுத்தார். இன்றைக்கு அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள், இமயத்து அடிவாரத்திலிருந்து அவுஸ்திரேலியா வரைக்கும் பரந்து கிடக்கின்றன. உங்கள் மற்ற 180 சாடிகளும் வட அவுஸ்திரேலியா, நியூகினி பக்கத்து வெக்கைக்குரிய பரம்பரையில் வந்த கலப்பினங்கள். தண்டின் உச்சியிலிருந்து நீண்ட காம்பு விட்டுப் பூப்பவை, நம் வெயிலுக்குப் பொருத்தம். நோபைல் இமயப் பக்கத்து ஆள். குளிர்காலத்தில் இரவு நன்றாகக் குளிர்ந்து, தண்ணீரும் குறைந்தால்தான் கணுக்களில் பூவெடுக்கும். மட்டக்களப்பில் தை மாத இரவும் 20 பாகைக்குக் கீழே போவது அரிது. இங்கே அது பூ மருந்தைக் குடித்தாலும் குட்டிதான் போடும்.

இது தெரியாமல் நடந்த பிழை என்று நான் நினைக்கவில்லை. மலைநாட்டில் பூத்து நிற்கும்போது லொறியில் ஏற்றி, பூவோடு கரையோரத்தில் இறக்கி விற்கிறார்கள். பூவைப் பார்த்துப் பணம் கொடுக்கிறோம். அடுத்த வருடம் பூக்காதபோது வியாபாரிக்கு இன்னொரு வருமானம், மருந்துப் போத்தல். ஓர்க்கிட் வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், சாடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். பெயர் எழுதிய சீட்டு இல்லாத செடிக்குப் பணம் கொடுக்காதீர்கள். அந்த 60 சாடிகளையும் பண்டாரவளை, நுவரெலியாப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் கொடுத்துவிடுங்கள், அல்லது விற்றுவிடுங்கள். அந்த இடமும் தண்ணீரும் மிச்சச் செடிக்கு உதவும். திருமண அலங்காரக்காரரும் பாசிக்குடா ஹோட்டல்களும் கேட்பது உச்சியில் காம்பு விடுகிற இனத்தைத்தான்.

கடைசியாக நாட்டு வாண்டா. நம் வறள்வலயக் காடுகளில் மரத்தில் தொற்றி வளரும் ஒரு வாண்டா உண்டு. விஞ்ஞானப் பெயர் வாண்டா டெசலாட்டா. மஞ்சளும் கபிலமுமாகக் கட்டம் போட்ட இதழ், ஊதா உதடு, நல்ல வாசம். டென்ட்ரோபியம் மாதிரித் தண்டில் சேமிப்பு வைக்காது. ஒரே தண்டு மேலே மேலே வளரும், தடித்த வேர்களை வெளியில் தொங்கவிட்டுக் காற்றிலிருந்து ஈரம் எடுக்கும். நம் வெயிலுக்குப் பழகிய செடி. ஆகவே கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வியாபாரி கொண்டுவருவது எங்கேயிருந்து? வேரில் மரப்பட்டை ஒட்டிக்கொண்டிருந்தால், வேர் ஒரு பக்கம் தட்டையாக இருந்தால், இலைகளில் பழைய காயமும் பாசியும் இருந்தால், அது காட்டில் மரத்திலிருந்து உரித்தெடுத்தது. காட்டு ஓர்க்கிட்டைப் பிடுங்கி விற்பது குற்றம், வாங்கி வைத்திருக்கிறவருக்கும் தொல்லை. அப்படி உரித்ததில் பாதிக்கு மேல் வேர் முறிந்திருக்கும், இரண்டு கச்சானைத் தாண்டுவது அபூர்வம். அதைவிட, உங்கள் கிணற்றுத் தண்ணீரில் வாண்டாவின் வெறும் வேர் டென்ட்ரோபியத்தை விடவும் விரைவில் கருகும், மறைக்கச் சாடியும் இல்லை. தாங்கி கட்டி, ஒரு மாரித் தண்ணீரைப் பிடித்து, இருக்கிற 180 சாடிகள் புது வேர் விட்ட பிறகு, வளர்ப்பில் பெருக்கிய கலப்பு வாண்டா நாலைந்து வாங்கிப் பாருங்கள்.

கிணற்றை இந்தக் கிழமை ஒரு தடவை, மார்கழி மழைக்குப் பிறகு இன்னொரு தடவை அளந்து எண்களை எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு தடவையும் மோட்டர் ஓடுமுன் ஒன்று, ஒரு மணித்தியாலம் ஓடிய பிறகு ஒன்று என்று பிரித்தே அளந்து பாருங்கள்.